நாற்பத்திரண்டு டிகிரி

ஒரகடம் ஜங்ஷனில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கார் ஏற்றிய டிரெய்லர் தெரியும், ஷிஃப்ட் பஸ் தெரியும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க டீ குடிக்கும் கூட்டம் தெரியும். கல் தெரியாது. ஆனால் அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கல்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. எந்த ஷெட்டுக்கும் திறப்பு விழாவுக்கு ரொம்ப முன்னால் வந்து இறங்கியது ஜல்லி லாரி. ஏரிகள் சூழ்ந்த பூமி இது. மேல்மண்ணின் மேல் நேராக எதையும் நிறுத்திவிட முடியாது. மண்ணை அள்ளு, சரளை கொட்டு, ஜல்லி பரப்பு, ரோலர் ஓட்டு. அப்புறம்தான் தூண், கூரை, ரோபோ எல்லாம்.

அந்த லாரிகள் புறப்படுகிற இடத்தை அளப்பது மூன்று வருடம் என் வேலையாக இருந்தது.

டிப்ளமா சிவில் முடித்ததும் என்கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் செல்போன் அசெம்பிளி லைனுக்குப் போனார்கள். நான் ஒரு சின்ன சர்வே ஆபீஸில் சேர்ந்தேன். கீழே மெஸ், மேலே ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டோட்டல் ஸ்டேஷன். கம்பெனி பிளாட்டுகளின் எல்லை, சாலை அகலப்படுத்தும் வேலை, இவற்றோடு மாதம் ஒருமுறை உத்திரமேரூர் பக்கம் ஒரு கல் குவாரி. அந்தக் குவாரியின் பெயர் இந்தக் கட்டுரையில் வராது.

அளவுக்கும் இந்தப் பாறைக்கும் பழைய உறவு உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது முதல் அடிக்கோட்டைப் போட்டது பரங்கிமலையிலிருந்துதான். பெரும்பாக்கம் நோக்கி ஏழரை மைல், நூறு அடிச் சங்கிலி ஒன்றைத் திரும்பத் திரும்ப நீட்டி, ஏறத்தாழ இரண்டு மாதம். அந்த மலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் ஒரே வகைக் கருங்கல். அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட் என்கிற புவியியலாளர், 1893-ல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறை மேல் கிடந்த கல்லைப் பார்த்து வைத்த பெயர். கல் போனது நம்ம ஊரிலிருந்து, பெயர் வந்தது கல்கத்தாவில் செத்தவரிடமிருந்து. சரி, அது போகட்டும்.

டோட்டல் ஸ்டேஷன் என்றால் சாலையோரம் முக்காலி மேல் நிற்குமே, அந்த மஞ்சள் பெட்டி. சாதாரணமாக எதிரில் ஒருவர் பிரிசம் பிடித்து நிற்க வேண்டும். குவாரிச் சுவரில் யார் போய் நிற்பது? பிரிசம் இல்லாமல் லேசரை நேராகப் பாறை மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியில் தூரம் கணிக்கும் வசதி அதில் உண்டு. குழியின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைச் சுவரை நூற்றுக்கணக்கான புள்ளிகளாக எடுத்துவிடலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்: கிழக்கு எவ்வளவு, வடக்கு எவ்வளவு, உயரம் எவ்வளவு. சாயங்காலம் பென்டிரைவில் இறக்கி எக்செலில் திறந்தால், பார்த்துப் பயந்த அந்தச் சுவர் முழுவதும் மூன்று நெட்டை வரிசைகளாகச் சாதுவாகப் படுத்திருக்கும்.

எக்செலை நான் குறை சொல்ல மாட்டேன். பாறைக்கென்றே சாஃப்ட்வேர்கள் உண்டு. அவற்றின் ஒரு வருட லைசென்ஸ் எங்கள் ஆபீஸ் வாடகையைத் தின்றுவிடும். எக்செல் ஏற்கெனவே இருந்தது. அதற்கென்று சில சேட்டைகளும் உண்டு. மூன்றாவது படியின் ஐந்தாவது புள்ளியை 3-5 என்று பெயரிட்டால், அதை மே மாதம் 3-ஆம் தேதி ஆக்கிவிடும். இந்தச் சேட்டையால் மரபணு ஆராய்ச்சிக்காரர்களே தோற்றுப்போனார்கள். மார்ச், செப்டம்பர் போல ஒலித்த சில மனித மரபணுக்களின் குறியீடுகளை 2020-ல் மாற்றியே விட்டார்கள். நாங்கள் பி3_5 என்று எழுதிச் சமாளித்தோம்.

குவாரி எங்களிடம் கேட்டது ஒரே ஒரு எண். இந்த மாதம் எவ்வளவு கல் போயிருக்கிறது? போன மாதச் சுவருக்கும் இந்த மாதச் சுவருக்கும் நடுவில் காணாமல் போன கன அளவு. சுவரைப் பத்து மீட்டருக்கு ஒரு வெட்டுமுகமாக நறுக்கி, ஒவ்வொன்றின் பரப்பையும் கண்டுபிடித்து, அடுத்தடுத்த இரண்டின் சராசரியை இடைத்தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் வந்துவிடும். கொஞ்சம் துல்லியம் வேண்டுமென்றால் நடு வெட்டுமுகத்துக்கு நாலு மடங்கு எடை கொடுத்து ஆறால் வகுக்கும் பழைய சூத்திரம் இருக்கிறது. எக்செலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கஷ்டம் கணக்கில் இல்லை, அதற்கு அப்புறம் இருக்கிறது. பாறையில் ஒரு கன மீட்டர் என்பது உடைத்தால் ஏறத்தாழ ஒன்றரை கன மீட்டர். துண்டுகளுக்கு நடுவே காற்று புகுந்துவிடும். எடையோ மாறாது, 2.7 டன் பக்கம். வெளியே வியாபாரம் நடப்பது யூனிட்டில், அதாவது நூறு கன அடி, 2.83 கன மீட்டர். ஆக ஒரே கல்லுக்கு மூன்று கணக்கு: சுவரில் ஒன்று, லாரியில் ஒன்று, எடை மேடையில் ஒன்று. அரசுக்குக் கட்டும் தொகைக்கு எந்தக் கணக்கு வசதியோ அதைப் பிடித்துக்கொள்ள இந்த இடைவெளி ரொம்ப உதவும். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் இதைக் கன மீட்டரிலிருந்து டன்னுக்கு மாற்றியபோது கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் வரை போனார்கள். கிரஷர் வாசலில் ஒரு வாரம் நின்று பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

இன்னொரு விதத்திலும் அந்தக் கன அளவை நான் யோசித்ததுண்டு. போன கல்லின் அளவும் நின்ற குழியின் அளவும் ஒரே எண்தான். மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட குவாரிக் குழிகளில் தேங்கிய மழைத்தண்ணீரை 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 2019-லும் கொடுத்தார்கள். யாரோ ஒருவர் எப்போதோ கல்லாகக் கணக்குப் போட்டு பில் எழுதிய வெற்றிடம்தான், லிட்டர் கணக்கில் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது.

இனி அந்தச் சுவருக்கு வருகிறேன்.

குவாரித் திட்டம் என்று ஒரு புத்தகம் ஒவ்வொரு குத்தகைக்கும் உண்டு. அதில் பாறையைப் படிக்கட்டாக வெட்டச் சொல்லியிருக்கும், ஐந்து மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம். பக்கத்துப் பட்டா நிலத்திலிருந்து ஏழரை மீட்டர் விட வேண்டும். குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கூடாது. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் கலர் வரைபடத்தில் படிகள் கோயில் குளம் போல அழகாக இறங்கும். நேரில் மேலே இரண்டு படி இருந்தது. அதற்குக் கீழே இருபத்திரண்டு மீட்டருக்கு ஒரே சுவர். படி விட்டால் கல் போச்சு என்பது அவர்கள் கணக்கு. இது ஒரு குவாரியின் விசேஷம் இல்லை, பஸ் ஜன்னலில் இருந்தே பார்க்கலாம்.

அங்கே மேட் ஒருவர் இருந்தார். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, சுவரைத் தினம் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர். தர்மபுரிக்காரர், ஐம்பது தாண்டியவர், அப்பா காலத்திலிருந்து கல் வேலை. என்னைப் 'பாப்பா' என்பார், நான் 'அண்ணே' என்பேன். முதல் மூன்று மாதம் நான் அளப்பதைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. நான்காவது மாதம் பக்கத்தில் வந்தார்.

"ஏம் பாப்பா, இந்த மிஷினு எம்புட்டு கல்லு போச்சுன்னு மட்டுந்தான் சொல்லுமா? எது வரும்னு சொல்லாதா?"

கை நீட்டிக் காட்டினார். வடக்குச் சுவரில் பாதி உயரத்தில் ஒரு வெளிர் கோடு, சாய்வாக ஓடியது. கார்த்திகை மழை நின்று மூன்று வாரமாகியும் அதன் கீழ் விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தது. கோட்டுக்குக் கீழே ஜார்க்கண்ட் பையன்கள் இரண்டு பேர் கம்ப்ரசர் டிராக்டரை நிறுத்தி ஜாக்ஹாமரில் குழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது கோடு இல்ல பாப்பா. பலகை. உள்ள எங்கியோ போவுது. எந்தப் பக்கம் சாஞ்சி போவுதுன்னு தெரிஞ்சாப் போதும்."

அவர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். கல் வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். 2022 மே 14 இரவு, திருநெல்வேலி முன்னீர்பள்ளம் பக்கம் அடைமிதிப்பான்குளத்தில் முந்நூறு அடி ஆழக் குவாரியில் பாறை சரிந்தது. ஆறு பேர் மாட்டினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். மேலும் சரியும் என்ற பயத்தில் மீட்புக்காரர்களே இறங்கத் தயங்கிய குழி அது. கருங்கல் தானாக நொறுங்கி விழாது. அதற்குள் ஏற்கெனவே பிளவுகள் தளம் தளமாக இருக்கும். நாம் செய்வதெல்லாம் அந்தத் தளத்தின் கீழ் விளிம்பைத் தாங்கிக்கொண்டிருக்கும் கல்லை எடுத்து விற்பதுதான்.

பிளவுத்தளத்தின் சாய்வை அளக்கக் காம்பஸைப் பாறை மேல் வைக்க வேண்டும். அங்கே ஏற முடியாது. ஆனால் ஒரு தளத்துக்கு மூன்று புள்ளி போதும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்களே! சிக்கல் என்னவென்றால், சுவரில் தெரிவது தளத்தின் விளிம்பு மட்டும். அந்த விளிம்பில் எத்தனை புள்ளி எடுத்தாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். கீல் மட்டும் தெரிந்தால் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. கிழக்கு மூலையில் சுவர் திரும்பும் இடத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அங்கே பழைய வெடியில் மேல் கல் போய், பிளவின் முகமே ஒரு மேஜை அளவுக்கு வெளியே தெரிந்தது. விளிம்பில் ஒன்பது, அந்த முகத்தில் ஐந்து, ஆக பதினான்கு புள்ளி அடித்தேன்.

ராத்திரி மெஸ்ஸுக்கு மேலே உட்கார்ந்து கன அளவை முடித்தபின், அதே ஃபைலில் இரண்டாவது ஷீட்டைத் திறந்தேன். எக்செலில் லின்எஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன். பதினான்கு புள்ளிக்கும் முடிந்தவரை நெருக்கமாகப் போகும் தளத்தைத் தேடித்தரும். வடக்கே ஒரு மீட்டர் போனால் 0.85 மீட்டர் ஏறுகிறது, கிழக்கே ஒரு மீட்டர் போனால் 0.30 ஏறுகிறது என்றது. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 0.90. அதற்குரிய கோணம் 42 டிகிரி.

எந்தப் பக்கம் என்பதற்கு ஏடான்2. இந்த ஃபங்ஷனில் எக்செல் மற்ற புரோகிராமிங் மொழிகளுக்குத் தலைகீழ். அவை குறுக்கச்சை இரண்டாவதாகக் கேட்கும், எக்செல் முதலில் கேட்கும். கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதைத் திட்டுவார்கள். வடக்கிலிருந்து கோணம் எண்ணும் சர்வேயருக்கோ, வடக்கை முதலிலும் கிழக்கை அடுத்தும் கொடுத்தால் திசை நேராக வந்துவிடும். மைனஸ் 160.6 வந்தது. 360 கூட்டினால் 199.4. தெற்கு, கொஞ்சம் மேற்கே தள்ளி.

சுவரின் முகமும் தெற்கு பார்த்ததுதான், 190 டிகிரி. அதாவது பலகை குழிக்குள் சாய்ந்திருக்கிறது.

ஈவர்ட் ஹோக்கும் ஜான் பிரேயும் 1974-ல் பாறைச் சரிவுகள் பற்றி எழுதிய புத்தகம் இந்தத் துறையில் பாடநூல் மாதிரி. அதில் பலகை சறுக்கச் சொல்லும் நிபந்தனைகளில் மூன்று இங்கே முக்கியம். தளத்தின் சாய்வுத் திசை சுவரின் திசையோடு இருபது டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். தளம் சுவரைவிடப் படுத்திருக்க வேண்டும், அப்போதுதான் கீழ் விளிம்பு காற்றில் திறக்கும். தளத்தின் சாய்வு, கல்லும் கல்லும் உரசிப் பிடிக்கும் கோணத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் சரியாக இருந்தன. மூன்றாவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த நாள் போனில் சொன்னபோது அண்ணன் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை குவாரி லீவு, வா என்றார். போனேன். தட்டையான இரண்டு கல் சில்லைப் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, அடிக்கல்லை மெதுவாகத் தூக்கினார். ஒரு கட்டத்தில் மேல்கல் நழுவியது. என் செல்போனில் சாய்வு காட்டும் ஆப் இருந்தது: 36. இன்னும் நாலைந்து முறை செய்தோம், எல்லாம் 34-க்கும் 37-க்கும் நடுவே. பிறகு அவர் அந்த ஈர விளிம்புக்குக் கீழே வழிந்து காய்ந்திருந்த களிமண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து நடுவில் பூசினார். மறுபடி தூக்கினார். 28-ல் போய்விட்டது. லேபில் இதையே டில்ட் டெஸ்ட் என்று மேஜை வைத்துச் செய்வார்கள். அவருக்கு அந்தப் பேர் தெரியாது. சின்ன வயசில் அப்பா செய்து பார்த்தாராம்.

"நாப்பத்திரண்டுன்னா சொன்ன?"

"ஆமாண்ணே."

"அப்ப எது புடிச்சிகினு நிக்குது?"

எனக்கும் அதே கேள்வி. பிளவு முழுக்கத் திறந்திருக்காது. நடுநடுவே உடையாத கல் பாலம் போல ஒட்டிக்கொண்டிருக்கும். மேடுபள்ளம் ஒன்றோடொன்று கோத்திருக்கும். அது எவ்வளவு என்பதை வெளியிலிருந்து எந்த லேசரும் சொல்லாது. எக்செலில் அதற்கு வரிசை கிடையாது.

எங்கள் முதலாளியிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை. "நம்ம ஆர்டர்ல வால்யூம் மட்டும்தான்மா இருக்கு" என்றார். குவாரி மேனேஜர் நான் நீட்டிய தாளை முழுக்கப் படித்தார், அது எனக்கு ஆச்சரியம். படித்துவிட்டு, "இதை மெயில்ல மட்டும் அனுப்பிடாதீங்க" என்றார். படித்தவர் என்பதால்தான் அப்படிச் சொன்னார் என்று பிறகு புரிந்தது. மெயிலில் வந்துவிட்டால் தெரிந்திருந்தது என்றாகிவிடும்.

மாதாமாதம் போல எக்செல் ஃபைலை மெயிலில் அனுப்பினேன். கன அளவு முதல் ஷீட்டில் இருந்தது. இரண்டாவது ஷீட்டை நான் அழிக்கவில்லை. அவர்கள் கேட்ட ஃபைல் அதுதான், அதன் கீழே இரண்டு டேப் இருந்தது, அவ்வளவுதான். யாரும் திறந்தார்களா என்று தெரியாது.

திறந்தவர் அண்ணன்தான், தாளில். 42 என்று பெரிதாக எழுதி, ஒரு முக்கோணம் வரைந்து, கீழே 36, 28 என்று குறித்துக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது கம்ப்ரசர் டிராக்டர் மேற்குப் பக்கம் போயிருந்தது. வடக்குச் சுவரடியிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளிப் பெரிய உருண்டைக் கற்களை வரிசையாக அடுக்கி, உள்ளே யாரும் போகக் கூடாது என்று வைத்திருந்தார். ஆபத்து என்று தோன்றினால் ஆளை வெளியேற்றும் அதிகாரம் சட்டப்படி மேட்டுக்கு உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தியதற்கு என்ன பேச்சு கேட்டார் என்று என்னிடம் சொல்லவில்லை. "இருபது வருசமா கண்ணால பாத்துச் சொல்லிட்டுதான் இருந்தேன். நம்பரு எழுதின பேப்பருன்னதும் கொஞ்சம் ரோசிக்கிறானுவ" என்றார். அதை அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

பிறகு பிளவுக்கு மேலே மூன்று, கீழே இரண்டு என்று சிவப்புப் பெயின்டில் ஐந்து சிலுவைக்குறி போட்டோம். மேல் படியிலிருந்து கயிறு கட்டி அவரே இறங்கிப் போட்டார். மாதம் ஒருமுறை ஐந்தையும் அடிப்பேன், மூன்றாவது ஷீட்டில் ஏற்றுவேன். அந்தத் தூரத்தில் எங்கள் கருவியை ஐந்து மில்லிமீட்டர் வரை நம்பக் கூடாது. மேல் குறிகளின் நகர்வு மில்லிமீட்டரில் இப்படி வந்தது: 0, 2, மைனஸ் 1, 3, 2, 2, 4, 1. அதுவரை அது வெறும் கருவியின் கைநடுக்கம். அடுத்த ஐப்பசி மழைக்கப்புறம் 7. பிறகு 9. பிறகு 8, 8. கீழ்க்குறிகள் 1, 2-ஐத் தாண்டவில்லை. எட்டு மில்லிமீட்டர் என்பது ஒரு நெல்மணியின் நீளம். அதை நகர்வு என்று சொல்ல ஒரு மாதம் தயங்கினேன், இல்லை என்று சொல்ல அதைவிட அதிகம் தயங்கினேன். இரண்டையும் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். கல் வரிசையை இன்னும் ஐந்து மீட்டர் வெளியே தள்ளினார்.

அதன்பின் குவாரி டிரோனுக்கு மாறியது. ஒரு பறப்பில் லட்சக்கணக்கான புள்ளிகள் வரும். எக்செலின் 10,48,576 வரிசை அதற்குப் போதாது. எங்கள் ஆர்டர் நின்றது. டிரோன் மேலிருந்து நேர்கீழாகப் படம் எடுக்கிறது. செங்குத்துச் சுவர் அதில் ஒரு மெல்லிய கோடுதான். ரிப்போர்ட்டில் கன அளவு மட்டும் வரும், முன்னைவிடத் துல்லியமாக. நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன்.

2025 மே 20, சிங்கம்புணரி பக்கம் மல்லாக்கோட்டையில் பாறை சரிந்து தொழிலாளிகள் இறந்த அன்று ராத்திரி அண்ணன் போன் செய்தார். அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. "பாப்பா, நம்ம எட்டு இன்னும் எட்டாத்தான் இருக்குமா?" என்றார். மிஷின் இல்லாமல் என்ன செய்யலாம் என்று சொன்னேன்: கிழக்கு மூலையில், கை எட்டும் இடத்தில், பிளவின் குறுக்கே சிமென்டை விரல் தடிமனுக்குப் பூசித் தேதி எழுதி வையுங்கள். பாறை நகர்ந்தால் சிமென்ட் முதலில் விரியும்.

ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். போன வாரப் படத்தில் விரிசல் இல்லை. சிமென்ட் பட்டையின் பக்கத்தில், அளவு தெரிய ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டி வைத்திருந்தார். அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை.